நரக வாசலில் காத்திருந்த மீன்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு கனடாவோட மேற்குக் கோடிக்குப் போறோம். ஃப்ரேசர்னு ஒரு ஆறு. ராக்கி மலையில பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குள்ளேயே சுத்தி வளைஞ்சு, சுமார் 1,375 கிலோமீட்டர் ஓடி, வான்கூவர் பக்கத்துல கடல்ல கலக்குது. இந்த ஆற்றுல ஏறி வர்ற சால்மன் மீனோட கதைதான் இன்னைக்கு. அதைவிட முக்கியமா, அந்த மீனை யார் எண்ணினாங்க, எங்க நின்னு எண்ணினாங்கங்கற கதை.

முதல்ல மூணு நம்பர் சொல்றேன். 1913-ல் இந்த ஆற்றை நம்பி வந்த சாக்கை வகை சால்மனை டின்ல அடைச்ச கணக்கு, கனடா அமெரிக்கா ரெண்டு பக்கமும் சேர்த்து, சுமார் 24 லட்சம் பெட்டி. ஒரு பெட்டிக்கு 48 டின். பெருக்கிப் பாருங்க, 11 கோடி டின்னுக்கு மேல வரும். நாலு வருஷம் கழிச்சு, 1917-ல், சுமார் 5.6 லட்சம் பெட்டி. இன்னும் நாலு வருஷம் கழிச்சு, 1921-ல், சுமார் 1.4 லட்சம்.

ஏன் நாலு நாலு வருஷமா தாண்டுறேன்? அது என் வசதிக்கு இல்ல. அந்த மீனோட கணக்கே அப்படித்தான்.

சாக்கை சால்மன் மலையில, ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற ஓடைகள்ல பிறக்கும். தாய் மீன் வாலால கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மூடிட்டுப் போகும். குளிர்காலம் முழுக்க முட்டை கல்லுக்கு அடியில கிடக்கும். வசந்தத்துல வெளியே வர்ற குஞ்சு ஏரிக்குள்ள இறங்கி ஒரு வருஷம் போல வளரும். அப்புறம் ஆற்றோட கடலுக்கு. அங்க ரெண்டு வருஷத்துக்கு மேல மேய்ஞ்சிட்டு, பெரும்பாலானது நாலாவது வயசுல, தான் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்பி ஏறும். வீட்டைக் கண்டுபிடிக்கிறதுக்கு மூக்கைத்தான் நம்புது. முட்டையிட்டதும் செத்துடும். அதனால 1913-ல் ஏறின மீனோட பிள்ளைகள் 1917-ல் வரும், பேரன் பேத்திகள் 1921-ல். ஒரு தலைமுறைக்கு விழுந்த அடி நாலு வருஷம் கழிச்சுத்தான் வலையில தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் மனசுல வச்சுக்கோங்க. ஆற்று நீருக்குள்ள நுழைஞ்ச பிறகு இந்த மீன் சாப்பிடாது. கடல்ல சேர்த்த கொழுப்புதான் மொத்தப் பயணத்துக்கும் கட்டுச்சோறு. ஸ்டூவர்ட் ஏரிப் பக்கம் போற கூட்டம் 1,000 கிலோமீட்டருக்கு மேல எதிர்நீச்சல் போடணும். வழியில பத்து நாள் தேங்கி நின்னா, அந்தப் பத்து நாளுக்கான சோறும் கட்டுச்சோத்து மூட்டையில இருந்துதான் போகும்.

(இடையில ஒரு தகவல். நம்ம ஊர் மீன் கடையில 'இந்தியன் சால்மன்'னு விக்கிறது காலா மீன். அதுக்கும் இதுக்கும் உறவே கிடையாது. ஆனா கடல்ல இருந்து ஆற்றுல ஏறி முட்டையிடுற பழக்கம் நம்ம உல்லம் மீனுக்கு உண்டு.)

இந்த மீனுக்காக ஆற்றங்கரையில ஆயிரக்கணக்கான வருஷமாக் காத்திருந்தவங்க இருந்தாங்க. கீழ்ப்பகுதியில ஸ்டோலோ மக்கள். அதுக்கு மேல மலை இடுக்குல என்லகாப்முக் மக்கள். இன்னும் மேல ஸ்டாட்லியம், செக்வெப்பம், சில்கோட்டின், டக்கெல். பாறை விளிம்புல மேடை கட்டி, நீளமான கோல் வச்ச வலையால சுழல்ல ஒதுங்குற மீனை அள்ளுவாங்க. லில்லூவெட் பக்கத்துல கோடைக் காத்து சூடா, வறண்டு வீசும். கீறின மீனை அந்தக் காத்துலேயே காயவச்சு குளிர்காலத்துக்குச் சேர்த்துவைப்பாங்க. மேல ஏரிகள் பக்கத்துல ஓடைக்குக் குறுக்கே படல் கட்டுவாங்க. மரக்குச்சியால பின்னின தட்டி. வேணுங்கிற அளவு பிடிச்சதும் படலைத் திறந்துவிட்டுடலாம். எந்த ஓடையில எவ்வளவு மீன் ஏறுதுன்னு கண்ணாலயே தெரிஞ்சுக்கிற இடமும் அதுதான்.

1870-களுக்குப் பிறகு ஆற்றோட வாய்ப்பகுதியில டின் தொழிற்சாலைகள் முளைத்தன. பிடித்ததெல்லாம் பெரும்பாலும் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனது. 1888-ல் வந்த சட்டவிதிகள் பூர்வகுடிகளின் மீன்பிடிப்பை 'உணவுக்கு மட்டும்' என்று சுருக்கின. அவர்கள் பிடிக்கலாம், விற்கக் கூடாது. அப்புறம் தொழிற்சாலைக்காரர்களின் கண் படல்கள் மேல் விழுந்தது. மீன் குறையுதுன்னா மேல இருக்கிறவங்க ஓடையை அடைக்கிறதாலதான்னு புகார். 1911-ல் ஸ்டூவர்ட் ஏரி, ஃப்ரேசர் ஏரிப் பக்கத்து டக்கெல் மக்கள் தங்கள் படல்களை எடுத்துவிடச் சம்மதிக்க வேண்டி வந்தது. பதிலுக்கு வலைகளும் வேறு சில உதவிகளும் தருவதாக உடன்பாடு. கீழ லட்சக்கணக்கான மீன் வலையில மாட்டுது. மேல குச்சித் தட்டி குற்றவாளி ஆகுது. இந்த வரிசையைக் கவனிச்சுட்டு வாங்க, ஏன்னா அடுத்து வர்றது நிஜமான அடைப்பு.

கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் மேல போனா, ஆறு ஒரு மலை இடுக்குக்குள்ள நுழையும். அந்த இடுக்குலேயே ரொம்பக் குறுகலான இடம் ஹெல்ஸ் கேட், அதாவது நரக வாசல். அகலம் வெறும் 35 மீட்டர் போல. அதுக்கு மேல இருக்கிற பரந்த நிலத்துல பெய்யிற மழையும் உருகுற பனியும் இந்த இடுக்கு வழியாத்தான் வெளியேறணும். ஏறிப் போற மீனும் இதே வழியாத்தான். வேற பாதை இல்ல. 1808-ல் சைமன் ஃப்ரேசர் இந்த வழியா வந்தப்போ, என்லகாப்முக் மக்கள் பாறையில கட்டி வச்சிருந்த ஏணிகளையும் நடைபாதைகளையும் பிடிச்சுத்தான் இடுக்கைக் கடந்தார். அந்த மக்களுக்கு அது நரகமும் இல்ல, வாசலும் இல்ல. மீன் பிடிக்கிற இடம்.

1880-களில் கனடியன் பசிஃபிக் ரயில் பாதை இந்த இடுக்கின் ஒரு கரையில் வந்தது. வெடி வைத்துப் பாறையைப் பிளந்ததில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களின் உழைப்பும் நூற்றுக்கணக்கானோரின் உயிரும் போனது. அது தனி எபிசோடுக்கான கதை. முப்பது வருஷம் கழித்து இரண்டாவது ரயில், கனடியன் நார்தர்ன், அதே இடுக்கில் நுழைந்தது. ஒரு கரையை முதல் ரயில் எடுத்துக்கொண்டதால் இது எதிர்க்கரைக்குப் போனது. 1911 முதல் 1913 வரை வெடித்த பாறையை எங்கே கொட்டினார்கள்? கீழே ஆறு இருக்கே, அங்கதான். நரக வாசல்ல மட்டும் இல்ல, அதை ஒட்டி ஸ்கஸி, சைனா பார்னு இன்னும் சில இடங்கள்லயும்.

1913 பெரிய வரவு வருஷம். 1901, 1905, 1909, 1913-னு நாலு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம். அந்தக் கோடையில நரக வாசலுக்குக் கீழ மீன்கள் தேங்க ஆரம்பிச்சது. ஏறப் பார்க்கும், தண்ணி தூக்கி வீசும், சுழல்ல ஒதுங்கும், மறுபடி ஏறும். பல நாளைக்கு அப்புறம் ஆற்றோட போக்குலேயே கீழ இறங்கி, முட்டையிடாமலே சாகும். இடுக்குக்குக் கீழ கரையெல்லாம் செத்த மீன்.

அப்போ மாகாண மீன்வளத் துறையில இருந்த ஜான் பீஸ் பேப்காக் நேர்ல போய்ப் பார்த்து எழுதினார். அவர்கிட்ட ஒரு ஒப்பீடு இருந்துச்சு. எனக்கு இந்தக் கதையில முதல் திருப்பம் அதுதான். மேல, குவெஸ்னெல் ஏரியோட வாசல்ல தங்கச் சுரங்கக்காரங்க கட்டின பழைய அணை ஒண்ணு உண்டு. அதுல மீன் ஏற ஒரு வழி இருந்ததால அங்க நின்னு எண்ண முடியும். 1909-ல் அங்க ஏறினது 40 லட்சத்துக்கு மேல. 1913-ல் சுமார் 5.5 லட்சம். 1917-ல் 30,000-க்கும் கீழ. ஆற்று வாயில நின்னு பார்த்தவங்களுக்கு 1913 திருவிழா. மேல நின்னு எண்ணினவங்களுக்கு அதே வருஷம் எழவு வீடு.

அதோட நிற்கல. 1914 பிப்ரவரியில், நரக வாசலுக்கு மேலே ரயில் சுரங்கப் பாதைக்காகக் குடைந்துகொண்டிருந்த பாறை மொத்தமாகச் சரிந்து ஆற்றுக்குள் விழுந்தது. சுமார் ஒரு லட்சம் கன கஜம். நம்ம கணக்குல, பத்து கன மீட்டர் ஏத்துற டிப்பர் லாரியில ஏழாயிரம் லோடுக்கு மேல. 35 மீட்டர் அகல இடுக்குல.

உடனே வேலை ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் பாறையை வெடிச்சு எடுக்கிறது. இன்னொரு பக்கம் மரத்தால வாய்க்கால் அமைச்சு மீனை அது வழியா ஏத்தப் பார்க்கிறது. என்லகாப்முக் மக்கள் தங்களோட வலைகளால மீனை அள்ளி அடைப்புக்கு மேல கொண்டுபோய் விட்டாங்க. கைக்கு எட்டினது ஆயிரங்கள். காத்திருந்தது லட்சங்கள்.

அதே 1914 கோடையில் அரசு இன்னொன்றும் செய்தது. தப்பிப் பிழைத்த மீனைக் காக்க வேண்டும் என்று சொல்லி, இடுக்கில் பூர்வகுடிகள் மீன் பிடிக்கும் நாட்களைக் குறைத்தது. இடுக்கின் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆற்றை அடைச்சது ரயில் கம்பெனி, குளிர்காலத்துக்கு மீன் இல்லாமப் போனது எங்களுக்கு, கட்டுப்பாடும் எங்களுக்கேவா என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம். அதுக்கு எந்த அதிகாரியும் நேரா பதில் சொல்லியிருக்க முடியும்னு எனக்குத் தோணல. கீழ, கடல் முகத்துல, டின் தொழிற்சாலைகளோட வலைகள் தொடர்ந்து ஓடிட்டே இருந்துச்சு.

1915-ல் பொறியாளர்கள் வேலையை முடித்து, ஆறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். கோப்பு மூடப்பட்டது. மீன் திரும்பவில்லை. 1917 வந்தது, 1921 வந்தது, அந்த நம்பர்களை ஆரம்பத்திலேயே சொல்லிட்டேன். இன்னொரு வகை, பிங்க் சால்மன், சாக்கை அளவுக்கு நீச்சல் பலம் இல்லாதது. அது நரக வாசலுக்கு மேல கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாக் கடந்துடலாம். இந்த மீன் பிறக்கிறது கனடாவுல. ஆனா கடல்ல இருந்து திரும்புறப்போ பெரும்பகுதி அமெரிக்கக் கடல் வழியா வரும், அங்கயும் வலை இருக்கும். அதனால ஒரு நாடு மட்டும் எதுவும் செய்ய முடியாது. பேச்சுவார்த்தை, கையெழுத்து, இழுபறி. 1930-ல் போட்ட ஒப்பந்தம் 1937-ல்தான் அமலுக்கு வந்தது. ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஒரு சால்மன் ஆணையம். அதுல ஒரு நிபந்தனை: முதல் எட்டு வருஷம், அதாவது மீனோட ரெண்டு சுற்று, ஆராய்ச்சி மட்டும்தான். அதுவரைக்கும் யாரோட வலையையும் கட்டுப்படுத்தக் கூடாது. இந்த எட்டு வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆராய்ச்சித் தலைவர் வில்லியம் ஃபிரான்சிஸ் தாம்சன், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1938-ல் அவரோட ஆட்கள் நரக வாசலுக்கே போய் நின்னாங்க. மீனை வலையால அள்ளி, முதுகுல எண் போட்ட சின்ன வில்லையை ஊசியால குத்தி, திரும்ப விடுவாங்க. அந்த வில்லை அப்புறம் எங்க, எப்போ கிடைக்குதுன்னு குறிச்சுக்குவாங்க. மேல ஓடையில கிடைச்சா மீன் தாண்டிடுச்சு. கீழ கிடைச்சா தோத்துப் போய் இறங்கிடுச்சு. அதே இடத்துல மறுபடி வலையில விழுந்தா இன்னும் காத்துட்டு இருக்கு. ஆயிரக்கணக்கான மீனுக்கு இப்படி.

கிடைச்ச படம் விசித்திரமா இருந்துச்சு. பெரும்பாலான நாள் மீன் தாண்டிடுது. ஆனா தண்ணி ஒரு குறிப்பிட்ட உயரத்துல நிக்கிறப்போ, அவங்க வச்ச அளவுகோல்ல சுமார் 25 அடியில இருந்து 40 அடி வரைக்கும், வழி அடைஞ்சுடுது. அதுக்கு மேலயோ கீழயோ போனா திறக்குது. 1941-ல் தண்ணி வாரக்கணக்கா அந்த அடைப்பு உயரத்துலேயே நின்னுச்சு. மீன் காத்துக் கிடந்து செத்துச்சு. அதாவது 1915-ல் 'சரியாயிடுச்சு'ன்னு மூடின கதவு, வருஷாவருஷம், தண்ணியோட உயரத்தைப் பொறுத்துத் தானா மூடித் தானா திறந்துட்டு இருந்திருக்கு. சும்மா கரையில நின்னு பார்க்கிறவங்களுக்கு அது தெரியாது. நுரைச்சு ஓடுற தண்ணிதான் தெரியும். எண் போட்ட மீன் ஒண்ணு பன்னிரண்டு நாள் கழிச்சு அதே இடத்துல திரும்ப மாட்டினாத்தான் தெரியும்.

தாம்சன் சொன்னார்: இருபத்தஞ்சு வருஷமா மீன் குறைஞ்சதுக்கும், குறைஞ்சது மீளாததுக்கும் பெரிய காரணம் இந்த வாசல். இங்க மீன்வழி கட்டுங்க. 1945-ல் அறிக்கையா வெளிவந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1944-ல், கட்டுமானம் ஆரம்பிச்சாச்சு.

இப்போ எதிர்வாதம். வில்லியம் ரிக்கர்னு ஒரு கனடியர். கல்டஸ் ஏரியில சாக்கை மீனை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவர், கொஞ்ச நாள் தாம்சனோட ஆணையத்துலேயே வேலை பார்த்தவர், அப்புறம் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பின்னாடி உலகம் முழுக்க மீன்வள அறிவியல் படிக்கிறவங்க 'ரிக்கர் வளைவு'ன்னு ஒரு கோட்டை வரையக் காரணமானவர். 1947-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் வாதத்துல எனக்குப் பிடிச்ச பகுதியை நம்ம ஊர் உதாரணத்தோட சொல்றேன். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துல ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போய், அங்க இருக்கிறவங்ககிட்ட 'எவ்வளவு நேரமாக் காத்திருக்கீங்க'ன்னு கேளுங்க. மூணு மணி நேரம், நாலு மணி நேரம்னு சொல்வாங்க. உடனே பஸ்ஸே ஓடலைன்னு முடிவு பண்ணலாமா? வந்ததும் பஸ் கிடைச்சுப் போனவங்களை நீங்க பார்க்கவே இல்லையே. தேங்கி நிக்கிறவங்கதான் உங்க கண்ணுல படுவாங்க. நரக வாசல்லயும் வலையில சுலபமா மாட்டுறது, ஏற முடியாம சுழல்ல ஒதுங்கின பலவீனமான மீன். அதுக்கே வில்லை குத்தி, அந்த அடியும் சேர்ந்துக்க, அது ஏறலைன்னு கணக்கு எழுதினா, அடைப்பு உண்மையைவிடப் பெருசாத்தான் தெரியும். அப்படின்னா மீன் மீளாததுக்கு என்ன காரணம்? ரிக்கர் கையைக் காட்டினது வலைகளை நோக்கி. அளவுக்கு மீறிப் பிடிக்கிறீங்க, அவ்வளவுதான்.

இந்தச் சண்டையை வெறும் புள்ளிவிவரச் சண்டையாப் பார்த்துடக் கூடாது. காரணம் பாறைன்னா, தீர்வு சிமெண்ட். அரசு பணம் போடும், பொறியாளர் கட்டுவார், யாரும் எதையும் விட்டுக் கொடுக்க வேண்டாம். காரணம் வலைன்னா, தொழிற்சாலைகள் வருமானத்தை விட்டுக் கொடுக்கணும். எந்தப் பதில் எல்லாருக்கும் இனிச்சிருக்கும்னு சொல்லணுமா? தாம்சன் வேணும்னே அப்படிச் சொன்னார்னு நான் சொல்ல வரல. அவர் காட்டின நீர்மட்ட அடைப்பு நிஜம்தான். ஆனா ஒரு நிஜம் எல்லாருக்கும் வசதியாவும் இருந்துட்டா, பக்கத்துல இருக்கிற இன்னொரு நிஜத்தைத் தேட ஆள் இருக்காது.

மேத்யூ ஈவெண்டன்னு ஒரு சூழல் வரலாற்றாசிரியர், 2004-ல் ஃப்ரேசர் ஆற்றைப் பத்தி 'மீன் எதிர் மின்சாரம்'ங்கற பொருள்ல தலைப்பு வச்சு ஒரு புத்தகம் எழுதினார். இந்த விவாதத்தை விரிவாப் படிக்க விரும்புறவங்க அதைத் தேடுங்க.

மீன்வழி எப்படிக் கட்டினாங்கன்னும் சொல்லணும், ஏன்னா அது உண்மையிலேயே அழகான யோசனை. மில்டோ பெல்... மன்னிக்கணும், மைலோ பெல், அவர்தான் பொறியாளர். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல நரக வாசலோட சின்ன மாதிரியைக் கட்டி, தண்ணி விட்டுப் பார்த்தாங்க. சாதாரண மீன் ஏணி, பேர்ல இருக்கிற மாதிரியே படி படியா இருக்கும். தண்ணி ஒரே உயரத்துல இருந்தாத்தான் அது வேலை செய்யும். இங்க தண்ணி பருவத்துக்குத் தக்க பல மீட்டர் ஏறி இறங்கும். அதனால கரையை ஒட்டி சிமெண்ட்ல ஒரு நடைபாதை மாதிரி அமைச்சு, குறுக்கே சுவர்கள் வச்சு, ஒவ்வொரு சுவர்லயும் அடியில இருந்து மேல வரைக்கும் நெட்டுக்குத்தா ஒரு பிளவு விட்டாங்க. தண்ணி எந்த உயரத்துல இருந்தாலும் பிளவு இருக்கும். பிளவைத் தாண்டினா அமைதியான ஒரு அறை. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு அடுத்த பிளவு. இதே வடிவம் பிறகு உலகத்துல எத்தனையோ அணைகள்லயும் தடுப்புகள்லயும் வந்துச்சு. இன்னைக்கு நரக வாசலுக்குச் சுற்றுலா போறவங்க மேல இருந்து கேபிள் காரில் இறங்கி இந்த மீன்வழியைப் பார்க்கலாம்.

1946-ல் முக்கியமான பகுதிகள் தயார். மீன் ஏற ஆரம்பிச்சது. பிங்க் சால்மன்கூட மெல்ல மெல்ல வாசலுக்கு மேல திரும்பிச்சு. 1958-ல் ஆடம்ஸ் ஆற்றுக்கு வந்த வரவை மக்கள் கூட்டம் கூட்டமாப் போய்ப் பார்த்தாங்க. குவெஸ்னெல் ஏரிக் கூட்டம் மட்டும் பெரிய அளவுல மீள 1980-கள் ஆச்சு.

அப்போ தாம்சன் ஜெயிச்சுட்டாரா? இங்கதான் அந்த எட்டு வருஷம். ஆணையத்துக்கு வலைகளைக் கட்டுப்படுத்துற அதிகாரம் கைக்கு வந்த வருஷமும் 1946. கதவைத் திறந்ததும் வலையைச் சுருக்கினதும் ஒரே நேரத்துல. மீன் கூடினது எதனால? ரெண்டு மருந்தை ஒண்ணாக் குடிச்சுட்டு எது காய்ச்சலைக் குறைச்சதுன்னு கேக்கிற மாதிரி. பிரிச்சுச் சொல்ற வழியை அவங்களே அடைச்சுட்டாங்க. என் அபிப்பிராயம், ரிக்கர் கேட்ட கேள்வி சரி, தாம்சன் கட்டினதும் சரி. மீன் அழிஞ்ச குற்றத்தை ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி கண்டுபிடிச்சாங்க.

ஆனா அந்தச் சிமெண்ட் சுவருக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பலன் இருந்தது. பக்கத்து ஆறான கொலம்பியாவில் கிராண்ட் கூலி அணை 1942-ல் முடிந்தது. அதில் மீன் ஏற வழியே வைக்கவில்லை, மேலே இருந்த சால்மன் ஓடைகள் எல்லாம் போயின. போருக்குப் பிறகு ஃப்ரேசருக்கும் அதே கண் வந்தது. லில்லூவெட்டுக்கு மேலே மோரன் என்ற இடத்தில் 200 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு அணைத் திட்டம், 1950-களிலும் மறுபடி 1970 வாக்கிலும் மேஜைக்கு வந்தது. ஆனால் அதற்குள் இந்த ஆற்றில் மீனை மீட்க இரண்டு நாடுகள் பணம் போட்டிருந்தன. எந்த ஓடைக்கு எத்தனை மீன் என்று வருஷவாரியாகக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மீன்துறைக்காரர்கள் எதிர்த்தார்கள். கொலம்பியாவிலும் பீஸ் ஆற்றிலும் மின்சாரம் கிடைத்ததும் சேர்ந்துகொள்ள, மோரன் கட்டப்படவே இல்லை. ஃப்ரேசரின் மூல ஓட்டத்தில் இன்றுவரை அணை இல்லை. துணை ஆறுகள் தப்பவில்லை. நெச்சாக்கோவில் 1952-ல் கென்னி அணை வந்து, அலுமினியத் தொழிற்சாலையின் மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திருப்பிவிட்டது.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு புதுத் தேதி.

2018 இலையுதிர் காலத்தில், லில்லூவெட்டுக்கு வடக்கே பிக் பார் என்ற இடத்தில் மலைச்சுவர் இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடுக்கு. 2019 ஜூன் வரை யாருக்கும் தெரியாது. தெரிஞ்சப்போ ஆற்றுல அஞ்சு மீட்டர் அருவி ஒண்ணு புதுசா இருந்துச்சு, மீன் கீழ வந்து சேர்ந்தாச்சு. ஸ்டூவர்ட் ஏரிக்குப் போற முன்பருவக் கூட்டம் அந்த வருஷம் கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சது. 1911-ல் படலை எடுத்துக்கொண்ட டக்கெல் மக்களோட ஏரிதான் அது. மாகாண அரசு, மத்திய அரசு, பூர்வகுடி அரசுகள் மூணும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. பாறையை உடைச்சாங்க. தொட்டியில மீனை ஏத்தி ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் மேல விட்டாங்க, அந்த ஒரு பருவத்துல மட்டும் சுமார் 60,000 மீன். 1914-ல் கோல்வலை செஞ்ச வேலை.

2024 ஜூலை கடைசியில், ஃப்ரேசரில் வந்து சேரும் சில்கோட்டின் ஆற்றில் ஒரு கரை மொத்தமாகச் சரிந்து ஆற்றையே அடைத்தது. பின்னால் ஏரி போல நீர் தேங்கி, ஆகஸ்ட் 5-ம் தேதி உடைத்துக்கொண்டு ஓடியது. சில்கோ ஏரிக்குப் போக வேண்டிய சாக்கை அப்போது கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை மேலேயிருந்து யாரும் கட்டுப்பாடு போடும்வரை சில்கோட்டின் மக்கள் காத்திருக்கவில்லை. தங்கள் சாக்கை மீன்பிடிப்பைத் தாங்களே நிறுத்தினார்கள். அப்புறம் ஆற்றோரம் கருவிகளை வைத்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீருக்குள் எத்தனை மீன் தாண்டுது என்று எண்ண உட்கார்ந்தார்கள்.